கம்பத்தின்மேல் க்ஷேத்திர கணிதம்

பள்ளிக்கூடத்தில் க்ஷேத்திர கணிதத்தைக் கரைத்துக் குடித்தவர்களும், அதற்குப் பயந்து கடைசி பெஞ்சில் ஒளிந்துகொண்டவர்களும், பிற்காலத்தில் மோட்டார் ஓட்டும் ஆசை பிடித்து எல்.எல்.ஆர். வாங்கப் போகும்போது, சாலைச் சின்னங்களின் வர்ணப் படத்துக்கு முன்னால் சரிசமானமாக நின்று, வட்டம், முக்கோணம், செவ்வகம் என்று மறுபடியும் அரிச்சுவடியிலிருந்து ஆரம்பிக்கும்படி நேர்வது விதியின் விளையாட்டு அல்லாமல் வேறென்ன?

சாஸ்திரம் என்னவோ சுருக்கமானதுதான். வட்டம் கட்டளையிடும், முக்கோணம் எச்சரிக்கும், செவ்வகம் தகவல் சொல்லும். நீல வட்டத்துக்குள் ஹாரன் படம் போட்டு, 'இங்கே அவசியம் ஹாரன் அடிக்கவும்' என்று விதிக்கும் சின்னம் ஒன்று நம் தேசத்தில் உண்டு. சர்க்கார் பிறப்பித்த ஆக்ஞைகளிலெல்லாம் நம் ஜனங்கள் பூரண பக்தியோடு, அது நடப்படாத இடங்களிலும்கூட, சிரமேற்கொண்டு நிறைவேற்றி வருவது இந்த ஒன்றைத்தான் என்பது என் அபிப்பிராயம்.

முக்கோணத்தின் பாடு பரிதாபம். எங்கள் ஊர்ப் புறவழிச் சாலையில் மாட்டுப் படம் போட்ட முக்கோணம் ஒன்று இருக்கிறது. அதன் கம்பத்தில் அசல் எருமை ஒன்று முதுகைச் சொறிந்துகொண்டு நிற்க, கம்பம் ஆட ஆட மேலே உள்ள சித்திர மாடும் சேர்ந்து தலையாட்டுகிற வைபவத்தை லாரிக்காரர்கள் வேகத்தைத் தணித்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போகிறார்கள். எச்சரிக்கை பலித்தது எருமையின் தயவால்.

1909-ல் பாரிஸில் கூடிய பெரியோர்கள் மேடு, வளைவு, சாலைச் சந்திப்பு, ரயில்வே கேட் என்ற நான்கு சின்னங்களோடு திருப்தியடைந்தார்கள். 1923-ல் அமெரிக்க நெடுஞ்சாலை இன்ஜினீயர்களோ, பக்கங்கள் பெருகப் பெருக ஆபத்தும் பெருகும் என்றொரு சித்தாந்தம் கண்டு, 'நில்' என்பதற்கு எண்கோணத்தை வைத்து, பக்கமே இல்லாததுபோல் தோன்றும் வட்டத்துக்கு அனந்தமான பக்கங்கள் உண்டென்று கொண்டு, ரயில் குறுக்கிடும் மகா ஆபத்தான இடத்துக்கு அதை நியமித்தார்கள். இன்ஜினீயர்கள் வேதாந்திகளாகிவிடும் தருணங்களும் உண்டு போலும்!

அந்த எண்கோணமும், 'வழிவிடு' என்று சொல்லும் தலைகீழ் முக்கோணமும் வேறெந்தச் சின்னத்துக்கும் வாய்க்காத வடிவங்களாதலால், முகத்தைப் பனி மூடினாலும், முதுகுப் புறமிருந்து பார்த்தாலும் இன்னதென்று தெரிந்துபோகும். நம் ஊரில் பனியின் ஸ்தானத்தைச் சுவரொட்டி வகிக்கிறது. 40 என்று வேகத்துக்கு வரம்பு கட்டிய வட்டத்தின்மேல் கண்ணீர் அஞ்சலியையோ மூல பௌத்திரச் சிகிச்சையையோ ஒட்டிவிட்டால், அங்கே ஏதோ ஒரு கட்டளை இருக்கிறது என்பது மட்டும் விளங்கும். இன்ன கட்டளை என்பது பிரம்ம ரகசியம். ஆகையால், பசை வாளியோடு அர்த்தராத்திரியில் புறப்படும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம்: ஒட்டியே தீரவேண்டுமென்றால் எண்கோணத்தின்மேல் ஒட்டிக்கொள்ளுங்கள், வட்டத்தை விட்டுவிடுங்கள்.