கசிந்தால் 25 லட்சம்

தமிழ்நாட்டில் இனிமேல் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக நேரும் பெண்களுக்குப் பணிவான வேண்டுகோள். அது வார நாளாக இருக்கட்டும். பகல் பத்து மணிக்கு மேல், சாப்பாட்டு வேளைக்கு முன்பாக இருக்கட்டும். முக்கியமாக, உங்கள் வீடு இருக்கும் ஸ்டேஷன் லிமிட்டைத் தாண்டி நடக்க வேண்டாம். ஆதார் ஜெராக்ஸ் இரண்டு கையில் இருப்பது நல்லது. இவ்வளவு ஒத்துழைப்புக் கொடுத்தால் அரசு இயந்திரம் உங்களைக் கைவிடாது.

சட்டத்தைக் குறை சொல்ல வழியே இல்லை. அரசு ஆஸ்பத்திரியானாலும் தனியார் ஆஸ்பத்திரியானாலும் இலவசமாக, உடனே சிகிச்சை தர வேண்டும் என்று 2013-இலேயே எழுதிவிட்டார்கள். புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் வந்தபோது பிரிவு எண்ணை மட்டும் 397 என்று மாற்றினார்கள். எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம், எல்லை பார்க்கக் கூடாது என்பதும் அச்சில் இருக்கிறது. மருத்துவம், போலீஸ், வக்கீல், ஆலோசனை, தங்குமிடம் எல்லாம் ஒரே கூரையின் கீழ் என்று சொல்லி 2015-இல் சகி மையத் திட்டத்தையும் தொடங்கினார்கள். அந்தக் கூரை உங்கள் மாவட்டத்தில் எங்கே இருக்கிறது என்று பக்கத்து ஆட்டோ ஸ்டாண்டில் ஒருதரம் கேட்டுப் பாருங்கள்.

இரவு பதினோரு மணி, கேஷுவாலிட்டி வாசல்.

"போலீஸ் மெமோ இருக்காம்மா?"

"இல்லீங்க, நேரா இங்கதான் வந்தோம்."

"மெமோ இல்லாம எப்படிப் பாக்கறது? ஸ்டேஷனுக்குப் போய்ட்டு வாங்க."

ஸ்டேஷனில் ரைட்டர் தலையை நிமிர்த்தாமலே சொல்வார்: "முதல்ல ஜி.எச்.ல ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர் போட்டுட்டு வாங்க. சம்பவ எடம் எது? அது எங்க லிமிட் இல்லையே." இடையில் ஒரு பெரிய மனிதர் அவளுடைய அண்ணனைத் தனியே அழைத்து, "நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு இருக்கில்ல, பேசி முடிச்சுக்கலாமே" என்பார். அந்த இரவில் அவளிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் உடன் வந்தவர் ஆட்டோக்காரர் ஒருவர்தான்.

இத்தனைக்கும் நடுவில் அவள் உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். தொடங்கினால் 28 நாள் சாப்பிட வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரைக்கும் அதே 72 மணி நேரம்தான், அதிலும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. மருத்துவர் சீட்டு இல்லாமலே விற்கலாம் என்று நாடு முழுக்க அனுமதித்திருக்கும் மாத்திரை அது. நம் ஊர் மெடிக்கல் ஷாப்பில் கேட்டுப் பாருங்கள். "அது வர்றதில்லைங்க" என்று பதில் வரும். கூடவே தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வையும் இலவசமாக வரும். ஆண்மை வீரிய லேகியம் மட்டும் முதல் தட்டிலேயே, கண்ணாடிக்குப் பின்னால், தடையின்றிக் கிடைக்கும். பண்பாட்டைக் காக்கிற கடை!

பரிசோதனை அறையில் இரு விரல் சோதனை என்றொரு அசிங்கம் உண்டு. அதை 2013-இல் உச்ச நீதிமன்றம் தவறென்றது. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் நிறுத்தச் சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம், இனிச் செய்தால் ஒழுங்கீனம் என்று மறுபடி சொன்னது. டாக்டருக்குப் படித்தவர்களுக்கு ஒரே பாடத்தை மூன்று முறை நடத்த வேண்டியிருக்கிறது.

எல்லாமே மெதுவாகத்தான் நடக்கும் என்று சொன்னால் அது அவதூறு. ஒரே ஒரு வேலையில் நம் அரசு மின்னல்: அவள் பெயரை ஊருக்குச் சொல்வதில். அப்படிச் சொன்னால் இரண்டாண்டு வரை சிறை என்று சட்டம் சொல்கிறது. 2019-இல் பொள்ளாச்சி பாலியல் வழக்கில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரே பத்திரிகையாளர்கள் முன்னால் பெயரைச் சொன்னார். வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றிய அரசாணையிலும் பெயர் பளிச்சென்று இருந்தது. உயர் நீதிமன்றம் அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி புகார் கொடுத்தார்; சில நாட்களில் முதல் தகவல் அறிக்கை ஊரிலுள்ள கைப்பேசிகளில் எல்லாம் வலம் வந்தது. கேட்டால், தொழில்நுட்பக் கோளாறாம். மறுபடியும் உயர் நீதிமன்றம், மறுபடியும் 25 லட்சம். ஆட்சி மாறியது, தொகை மாறவில்லை.

கொடுக்கச் சொன்ன நீதிபதிகளை நான் குறை சொல்லவில்லை. ஆனால் 2018-இல் தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு வகுத்த இழப்பீட்டுத் திட்டத்தைப் பாருங்கள்: வன்புணர்வுக்கு 4 லட்சத்திலிருந்து 7 லட்சம் வரை. ஆக, குற்றவாளி செய்ததை அரசு ஈடுகட்டினால் அதிகபட்சம் 7. அரசே செய்ததை ஈடுகட்ட 25. இரண்டில் எது பெரிய கொடுமை என்று கணக்கே சொல்லிவிடுகிறது.

இதைப் படிக்கிற நீங்கள் ஒருநாள் அவளோடு துணைக்குப் போக நேரலாம். போனால் கூச்சப்படாமல் குரலை உயர்த்துங்கள். மெமோ கேட்டால் 397 என்று சொல்லுங்கள். சிகிச்சை பெற அவள் முதலில் புகார் எழுதிக் கொடுத்திருக்க வேண்டியதில்லை. சிகிச்சை மறுத்தால் ஆஸ்பத்திரிப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை. புகாரை வாங்க மறுக்கும் அதிகாரிக்கு ஆறு மாதத்துக்குக் குறையாத கடுங்காவல். உதவிக்கு எண் 181. மறுப்பவரின் பெயரையும் பதவியையும் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயரை மறைத்து வைக்கச் சொல்லி எந்தச் சட்டத்திலும் பிரிவு இல்லை.