செம்புச் சுருள் அளவையியல்: ஒரு முன்னாய்வு

எலெக்ட்ரிக் கிட்டாரின் கம்பிகளுக்கு அடியில், தீப்பெட்டியைவிடச் சற்று நீளமாய், ஒரு பெட்டி பதிந்திருக்கும். அதற்குப் பிக்கப் என்று பெயர். இங்கு பேசப்படும் வகையின் உள்ளே ஒரு காந்தம், தலைமுடி அளவே தடிமனுள்ள செம்புக் கம்பியில் சுற்றிய இரண்டு சுருள்கள், சுருளுக்குச் சுமார் 5,000 சுற்று. மேலே எஃகுக் கம்பி அதிர, கீழே சுருளில் மின்சாரம் பிறக்கும். 1831இல் பாரடே கண்டுசொன்ன சங்கதிதான். இந்தப் பிக்கப்பையே கையால் சுற்றித் தரும் சிறு பட்டறைகள் (பூட்டிக் என்பார்கள்) அமெரிக்காவில் ஜோடி 300 டாலருக்கு மேல் விற்கின்றன. சீனாவிலிருந்து வருவது 20 டாலருக்கே கிடைக்கிறது. இடையிலுள்ள 280 டாலர் சுருளின் எந்தப் பகுதியில் குடியிருக்கிறது என்பதே இங்கு ஆய்வுப் பொருள்.

ஒன்றை அறிவதற்குக் காண்டல், கருதல், உரை என மூன்று அளவைகளை நம் முன்னோர் வகுத்தனர். பானை வாங்குகிறவர் முதலில் தட்டிப் பார்க்கிறார், அது காண்டல். ஓசையை வைத்து விரிசல் உண்டா இல்லையா என்று ஊகிக்கிறார், அது கருதல். அதன் பிறகே கடைக்காரர் சொல்வதைக் காதில் வாங்குகிறார், அது உரை. கிட்டார்க்காரர்களிடம் இந்த வரிசை தலைகீழ். முதலில் உரை, கடைசியில் காது. ஆகவே நாமும் உரையிலிருந்தே தொடங்குவோம்.

இத்துறையின் மூலபாடம் மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரில், கிப்ஸன் கிட்டார் தொழிற்சாலையில் உருவானது. அங்கே சேத் லவர் என்ற பொறியாளர் 1955இல் ஒரு யோசனைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். ஒற்றைச் சுருள் பிக்கப் சுற்றுப்புற மின்சாரத்தின் ரீங்காரத்தையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். (அமெரிக்க ரீங்காரம் நொடிக்கு 60 சுழற்சி, நம்முடையது 50. மின்வாரியம் நமக்குச் சற்று கீழ்ச் சுருதி வைத்திருக்கிறது.) இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து, காந்த முனைகளையும் எதிரெதிராக வைத்தால் ரீங்காரம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், கம்பியின் ஒலி மட்டும் கூடும். இதற்கு ஹம்பக்கர் என்று பெயர். 1957 முதல் அதன் அடியில் ‘காப்புரிமைக்கு விண்ணப்பித்துள்ளோம்’ என்று ஆங்கிலத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அந்த மூன்று ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளே பி.ஏ.எஃப். இன்று அந்த ஸ்டிக்கரோடு ஒரு பழைய பிக்கப் கிடைத்தால் விலை ஆயிரக்கணக்கான டாலர்.

காப்புரிமை 1959லேயே கிடைத்துவிட்டது. ஸ்டிக்கர் மட்டும் 1962 வரை ‘விண்ணப்பித்துள்ளோம்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தது. பிறகு ஒருவழியாக எண்ணை அச்சிட்டு ஒட்டினார்கள்: 2,737,842. அது பிக்கப்பின் எண்ணே அல்ல, கிட்டார் கலைஞர் லெஸ் பாலின் பெயரில் இருந்த கம்பிதாங்கி ஒன்றின் எண். ஏட்டைப் பெயர்த்தெழுதியவர் கண் தவறிப் பக்கத்து வரியை எழுதிவிட்டால் பாடபேதம் என்போமே, அந்த வகை. நம் ஏடுகளில் பாடபேதம் வந்தால் பதிப்பாசிரியருக்குத் தலைவலி. இங்கே பாடபேதத்துக்குத்தான் விலை.

உள்ளே போனால் இன்னும் வேடிக்கை. அந்தக் காலத்துச் சுற்று எந்திரங்களில் எண்ணிக்கை காட்டும் வசதி சரியாக இல்லை. எனவே ஒன்றில் சுற்று கூடும், இன்னொன்றில் குறையும். காந்தமும் அன்றைக்குக் கையிருப்பில் எது இருந்ததோ அது: அல்னிகோ 2, 3, 4, 5 எல்லாம் கலந்து போயிருக்கின்றன. கறுப்பு பிளாஸ்டிக் தீர்ந்தபோது வெளிர் நிறத்தில் செய்தார்கள்; இரண்டும் கலந்து வந்ததை இன்று ‘வரிக்குதிரை’ என்று கொஞ்சுகிறார்கள். ஆக, பி.ஏ.எஃப். ஒலி என்று தனியாக ஒன்று இல்லை. ஒரு தொழிற்சாலையின் மெத்தனம் பல ஒலிகளாக வெளிவந்திருக்கிறது. அந்த மெத்தனத்தை இன்றைய பட்டறைகள் துல்லியமாகப் பிரதி எடுக்கின்றன. கூலி கொடுத்துச் செய்ய வேண்டிய வேலைதான். அலட்சியமாக இருப்பதைவிட அலட்சியத்தை அச்சு அசலாக நடிப்பது கடினம்.

கிட்டார் கலைஞர் பீட்டர் கிரீனின் 1959ஆம் ஆண்டு லெஸ் பால் கிட்டாரில் ஒரு பிக்கப்பின் காந்தம் திரும்பிக் கிடந்தது. இரண்டு பிக்கப்பையும் சேர்த்துப் போட்டால் மூக்கடைத்த மாதிரி ஒரு விசித்திர ஒலி வரும். பழுது பார்க்கத் தெரிந்த எவரும் பத்து நிமிடத்தில் சரிசெய்திருப்பார். நல்லவேளை, யாரும் அதைச் சரிசெய்யவில்லை. அந்தக் கிட்டார் கேரி மூர் என்ற கலைஞருக்குப் போய், இப்போது கிர்க் ஹாமெட் என்ற கலைஞரிடம் இருக்கிறது. அந்தப் பழுதை அப்படியே செய்து தரும் பட்டறைகளும் உண்டு.

அடுத்து, கருதல் அளவை. இங்கே மின்தடை அளக்கும் மல்டிமீட்டர் வருகிறது. விற்பனை அட்டையில் ‘7.8 கிலோ ஓம், பழங்காலச் சுற்று’ என்று போட்டிருப்பார்கள். இவ்வாய்வாளர் வாங்கிய பிக்கப்பை மே மாதத்தில், மின்விசிறிக்கு அடியில் வைத்து அளந்தபோது 8.1 காட்டியது. ஏமாந்துவிட்டோமே என்று ஏசி அறைக்குள் கொண்டுபோய் ஒரு மணி நேரம் வைத்து அளந்தால் 7.8. செம்பின் மின்தடை ஒரு டிகிரிக்குச் சுமார் 0.4 சதவீதம் மாறும் என்பது பள்ளிப் பாடம். மறந்துவிட்டிருந்தேன். பழங்கால ஒலி வேண்டுவோர் முதலில் வெப்பநிலையைப் பார்க்கவும்.

மேலும், ஒலியைத் தீர்மானிப்பது இந்த ஓம் அல்ல. சுருளும், அதிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் கேபிளும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணைத் தூக்கிக் கொடுக்கும். இரண்டரை ஹென்றி தூண்டல் கொண்ட சுருளோடு மூன்று மீட்டர் கேபிள் போட்டால் அந்த மேடு சுமார் 4,700 ஹெர்ட்ஸில் நிற்கும். ஆறு மீட்டர் போட்டால் 3,500 பக்கம் இறங்கி, ஒலி சற்று மந்தமாகும். கேபிள் விலை சில நூறு ரூபாய். பிக்கப்பின் இரு ஓரத்திலும் உள்ள ஸ்க்ரூவைத் திருகி அதைக் கம்பிக்கு ஒரு மில்லிமீட்டர் அருகே கொண்டுபோனாலும் ஒலி மாறும். அதற்கு விலையே இல்லை. அதனாலேயே யாரும் மதிப்பதில்லை.

கடைசியில் காண்டல். என் கிட்டாரில் முன்பே இருந்த பழைய பிக்கப்போடு வாசித்து போனில் பதிந்தேன். கம்பிகளை அவிழ்த்து, ஈயம் உருக்கி, விரலைச் சுட்டுக்கொண்டு, பூட்டிக் பிக்கப்பைப் பற்றவைத்து மறுபடி பதிந்தேன். அப்பப்பா! மூடுபனி விலகியது போல் இருந்தது. சுற்றிய கையை மனதுக்குள் வணங்கினேன். பாண்டில் வாசிக்கிற அக்கா மகனை அழைத்து, எது எதென்று சொல்லாமல் இரண்டையும் போட்டுக்காட்டினேன். இரண்டாவது ஓடி மூன்று விநாடிகூட ஆகவில்லை.

“இதுல புதுக் கம்பி போட்டிருக்கீங்களா மாமா?”

போட்டிருந்தேன். அவிழ்த்ததுதான் அவிழ்த்தோம் என்று, ஏழு மாதத்து அழுக்குக் கம்பியை எறிந்துவிட்டுப் புதிது போட்டிருந்தேன். ஆய்வாளர் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. பழைய பிக்கப்பை மறுபடி பொருத்தி, அதற்கும் புதுக் கம்பி மாட்டி, பத்துச் சோதனை வைத்ததில் பையன் ஐந்தைச் சரியாகச் சொன்னான். நாணயத்தைச் சுண்டியிருந்தாலும் அவ்வளவுதான் வந்திருக்கும். ஒற்றைச் சுருளை எடுத்துவிட்டு ஹம்பக்கர் போட்டிருந்தால் பத்துக்குப் பத்து சொல்லியிருப்பான். அது வேறு சாதி. ஒரே சாதிக்குள் 280 டாலர் பேசுவதெல்லாம் உரையில்தான்.

இருந்தும் வாங்கியதை வீணாக்குவானேன் என்று பூட்டிக்கையே திரும்பவும் மாட்டிக்கொண்டேன். கழற்றிய பழையதைப் பையன் கேட்டு வாங்கிப்போய்த் தன் கிட்டாரில் போட்டுக்கொண்டான். போன வாரம் அவன் ஒத்திகைக்குப் போயிருந்தேன். பாண்டில் ஒரு பையன், “என்ன பிக்கப் ப்ரோ, செமயா இருக்கு?” என்று கேட்டான்.

“எங்க மாமா கையால எடுத்தது” என்றான் இவன். எடுத்தது என்றால் கழற்றியது என்று அர்த்தம். கேட்டவன் முகத்தில் தெரிந்த மரியாதையைப் பார்த்து நான் வாயைத் திறக்கவில்லை. அதைவிட, அந்த ஒத்திகை அறையில் அது என்னுடையதைவிட நன்றாக ஒலித்த மாதிரியும் இருந்தது.