கீறல் காவலர்

நம்மவர் கிதாரை எடுக்கிறார் என்றால் முதலில் பெல்ட்டைக் கழற்றுவார். அடுத்து கைக்கடிகாரம், மோதிரம். பொத்தான் உரசுமோ என்ற சந்தேகத்தில் சட்டையும் போய்விடும். அபிஷேகத்துக்குத் தயாரான அர்ச்சகர் போல வெற்று மார்போடு உட்கார்ந்துதான் உறையின் ஜிப்பைத் திறப்பார்.

உடனே வாசிப்பார் என்று நினைத்தால் நீங்கள் அந்த வீட்டுக்குப் புதியவர். முதலில் பரிசோதனை. செல்போன் டார்ச்சைப் படுக்கைவாட்டில் பிடித்தால்தான் மயிரிழைக் கோடுகள் தெரியும். தேடுகிறவருக்குக் கோடு கிடைக்காமல் போகுமா? கிடைத்ததும் விசாரணைக் கமிஷன். வீடு பெருக்கும் அம்மாவிலிருந்து லீவுக்கு வந்த அக்கா மகன் வரை எல்லோரும் சாட்சி சொல்ல வேண்டும்.

"நான் தொடவே இல்ல மாமா."

"தொடாம எப்படிடா நகம் படும்?"

பூச்சு விஷயத்தில் ஆள் கில்லாடி, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். பழைய அமெரிக்க கிதார்களில் இருப்பது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். மேலே புதிதாக அடித்தால் பழையதைக் கரைத்துக்கொண்டு அதோடு ஒன்றாகிவிடும். பாலியூரித்தேன் ஒருமுறை இறுகிவிட்டால் யாரோடும் சேராது. ஆகவே பள்ளத்தில் சூப்பர் க்ளூவைச் சொட்டுச் சொட்டாக விட்டு, காய்ந்தபின் ஆயிரம், இரண்டாயிரம் நம்பர் உப்புத்தாளை நனைத்துத் தேய்த்து, பாலிஷ் போட வேண்டும். ஸ்டாண்டின் ரப்பர் நைட்ரோவை இளக்கிவிடும் என்று அதற்குப் பழைய பனியனைச் சுற்றியிருக்கிறார். விளிம்பில் ஒரு கடுகளவு பெயின்ட் பெயர்ந்ததற்கு, ஃபேன்சி ஸ்டோரில் நின்று நெயில் பாலிஷ் பாட்டில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார்.

"மேடம் என்ன கலர் சார்?" என்றாள் கடைப்பெண்.

"மேடம் மாநிறம். எனக்கு வேண்டியது ஃபியஸ்டா ரெட்."

அந்தச் சிவப்பை ஃபெண்டர் கிதார் கம்பெனி கார் பெயின்டிலிருந்து எடுத்த கதையையும் அவளுக்குச் சொல்லிவிட்டுத்தான் வந்தார். இத்தனை தெரிந்தவருக்கு, வாசிப்பில் ஆரம்பப் பாடத்தில் வரும் எஃப் கார்டு மட்டும் இன்னும் பிடிபடவில்லை.

ஆறுதலாக இருக்கட்டுமே என்று அமெரிக்கப் பாடகர் வில்லி நெல்சனைப் பற்றிச் சொன்னேன். அவருடையது 1969-இல் வாங்கிய மார்ட்டின் கிதார். 'ட்ரிகர்' என்று பெயரே வைத்துவிட்டார். அது நைலான் கம்பி கிதார்; பிக் படும் இடத்துக்குக் காப்புத் தகடு கிடையாது. உரசி உரசி மரமே தேய்ந்து, ஒலித்துளைக்குப் பக்கத்தில் இன்னொரு ஓட்டை விழுந்துவிட்டது. அதோடுதான் ஊர் ஊராகக் கச்சேரி செய்தார்.

நம்மவர் முகம் வெளிறியது. "ஏன், ஆரம்பத்துலயே யாரும் சொல்லலையா அவர்கிட்ட?"

அயர்லாந்தின் கிதார் கலைஞர் ரோரி கல்லகரை நான் இழுத்திருக்கக் கூடாது. அவருடைய 1961 ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் பெயின்ட் பெரும்பாலும் போய்விட்டது. வியர்வையும் சேர்ந்து செய்த வேலை. அந்தத் தேய்மானத்தை அப்படியே நகலெடுத்து ஃபெண்டரே விற்கிறது என்றேன். 1995-லிருந்து 'ரெலிக்' என்ற பெயரில், புது கிதாரைத் தொழிற்சாலையிலேயே கீறிக் கொடுக்கிறார்கள். சாதாரணப் புது கிதாரைவிட விலையும் அதிகம். நம்மவர் கண்ணில் ஒளி வந்தது. ஏற்கெனவே கீறியிருந்தால் இனி எது விழுந்தால் என்ன! கடன் வாங்கி, லட்சக்கணக்கில் கொடுத்து ஒன்றை இறக்கினார். வீடே நிம்மதிப் பெருமூச்சு விட்டது.

போன வாரம் போன் வந்தது. குரல் கம்மியிருந்தது.

"ஜாக் பக்கத்துல ஒரு கீறல் சார்."

"உடம்பு பூரா கீறல்தானே அதுல?"

"அதெல்லாம் கம்பெனி கீறல் சார். வந்த அன்னிக்கே ஒவ்வொன்னையும் போட்டோ எடுத்து நம்பர் போட்டு வச்சிருக்கேன். இது லிஸ்ட்லயே இல்ல."