தேவலோக டாக்டர்களுக்கு சோமபானம் கிடையாதாம்!

தேவலோகத்தில் ரொம்ப பிஸியான ஆசாமி இந்திரன் என்று நினைத்திருப்பீர்கள். அவருக்கு நாற்காலியைக் காப்பாற்றவே நேரம் சரியாக இருக்கும். நிஜமாக ஓடியாடி உழைத்தவர்கள் அசுவினி தேவர்கள் என்ற இரட்டையர். ரிக் வேதத்தில் 50-க்கும் மேற்பட்ட பாடல்கள் அவர்கள் பேரில்!

பிறந்த கதையே ஒரு களேபரம். சூரியனின் வெப்பம் தாங்காத மனைவி சம்ஞா, தன் நிழலை வீட்டில் நிறுத்திவிட்டுப் பெண் குதிரையாகிக் காட்டுக்குப் போய்விட்டாள். சூரியனுக்கு ரொம்ப நாள் விஷயமே தெரியாது. உலகத்துக்கே வெளிச்சம் போடுகிறவர், பாவம், சொந்த வீட்டுக்குள் இருட்டு!

தெரிந்ததும் அவரும் குதிரையாகி ஓடினார். பிள்ளைகள் பிறந்தார்கள், அம்மாவின் மூக்கு வழியாக. (கேள்வி கேட்காதீர்கள், புராணம்!) அப்புறம் மாமனார் விசுவகர்மா, மாப்பிள்ளையைக் கடைசலில் ஏற்றி வெப்பத்தைச் சீவித் தள்ளினார். அந்தச் சீவலில் செய்ததுதான் திருமாலின் சக்கரமும் சிவனின் சூலமும். புருஷன் பெண்டாட்டி தகராறில் இவ்வளவு லாபம் வேறெங்கும் வந்ததில்லை.

இரட்டையர் டாக்டர் ஆனார்கள். போரில் காலிழந்த விஷ்பலாவுக்கு இரும்புக் கால் பொருத்தினார்கள். ததீசி முனிவர் கேஸ் இன்னும் விசேஷம். ஒரு ரகசிய வித்தையை வெளியே சொன்னால் தலையைச் சீவிவிடுவேன் என்று அவரை மிரட்டி வைத்திருந்தார் இந்திரன். டாக்டர்கள் அசரவில்லை. முனிவரின் தலையைக் கழற்றிப் பத்திரப்படுத்தி, குதிரைத் தலையை மாட்டி, அதன் வாயால் பாடம் கேட்டார்கள். இந்திரன் பாய்ந்து வந்து குதிரைத் தலையை வெட்டினார். ஒரிஜினல் தலை பழைய இடத்துக்கு வந்தது. தலை போகிற விஷயத்தை இத்தனை சாவகாசமாக யார் கையாண்டிருக்கிறார்கள்?

சபலம் மட்டும் டாக்டர்களையும் விடவில்லை. கிழட்டு முனிவர் சியவனரின் இளம் மனைவி சுகன்யா குளித்துவிட்டு வருவதைப் பார்த்து, “இந்தத் தாத்தாவோடு எதற்கம்மா கஷ்டம்? எங்களில் ஒருவரைப் பிடித்துக்கொள்” என்றார்கள். அவள் மசியவில்லை. சரி, புருஷனை இளைஞனாக்குகிறோம், மூவரில் ஒருவரைத் தேர்ந்தெடு என்று பேரம். குளத்தில் மூவரும் முங்கி, அச்சு அசலாக ஒரே ஜாடையில் எழுந்தார்கள். அவள் சரியாகத் தன் புருஷனையே பிடித்தாள். டாக்டர்களுக்கு வைத்தியம் பலித்தது, வந்த காரியம் பலிக்கவில்லை!

இளமை திரும்பிய குஷியில் சியவனர், “யாகத்தில் உங்களுக்கும் சோமபானம் வாங்கித் தருகிறேன்” என்று வாக்குக் கொடுத்தார். ஆமாம், அதுவரை கிடையாது! மனிதர்களோடு ஊர் சுற்றும் வைத்தியர்களுக்கு எங்களுக்குச் சமமாகப் பந்தியா என்று இந்திரன் குதித்தார். உடம்புக்கு வந்தால் அவர்கள் வேண்டும், இலை போடும்போது வேண்டாம்.

வஜ்ராயுதம் ஓங்கிய கை அப்படியே அந்தரத்தில் நின்றுவிட்டது. சியவனரின் வேலை. போதாக்குறைக்கு, ஒரு தாடை பூமியிலும் மறு தாடை வானத்திலுமாக மதன் என்ற பூதத்தையும் கிளப்பிவிட்டார். மூவுலகத்துக்கும் அதிபதி, மூன்றாவது பேச்சுக்கு இடமில்லாமல் சரண்டர். பூதத்தைக் கூறுபோட்டு மது, மாது, சூதாட்டம், வேட்டை நான்கிலும் அடைத்தார் முனிவர். மனுஷன் அன்றிலிருந்து தேடித் தேடி அதைப் பொறுக்கிக்கொண்டிருக்கிறான்.

இரட்டையரின் மதிப்பைச் சரியாகக் கணக்குப் போட்டவள், மகாபாரதத்தில் பாண்டுவின் இரண்டாவது மனைவி மாத்ரி. மூத்தவள் குந்தியிடமிருந்து, தேவர்களை அழைத்துப் பிள்ளை பெறும் மந்திரம் கிடைத்தது, ஒரே ஒரு தடவைக்கு. மாத்ரி யோசித்து அசுவினி தேவர்களைக் கூப்பிட்டாள். ஒரு மந்திரம், இரண்டு பிள்ளைகள்: நகுலன், சகாதேவன்! இன்னொரு தடவை கொடேன் என்று பாண்டு கேட்டபோது, ஏமாந்தது போதும் என்று குந்தி கையை விரித்துவிட்டாள்.

சியவனரை இளைஞனாக்கியதாகச் சொல்லப்படும் நெல்லிக்காய் லேகியம் இன்றும் கடையில் டப்பா டப்பாவாக விற்கிறது. பேர் சியவனப்பிராசம். மருந்து கொடுத்த டாக்டர்களை விட்டுவிட்டு பேஷண்ட் பேரை வைத்திருக்கிறார்கள்!