அடுப்படி அலமாரிக் கதவின் கோணல்: திருக்கோஷ்டியூர் மரபை முன்வைத்து ஓர் ஆய்வு

கோட்டைக் கதவு, கோயில் கதவு, யானை முட்டிய கதவு என்று பெருங்கதவுகளைப் பற்றி நம் அறிஞர்கள் நிறையவே எழுதிவிட்டார்கள். குழம்புப் பொடி டப்பா இருக்கும் அலமாரியின் கதவு, மேல் மூலை மட்டும் ஒரு விரற்கடை துருத்திக்கொண்டு நிற்பது ஏன் என்ற கேள்விதான் அநாதையாகக் கிடக்கிறது. அதைத் தத்தெடுப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக் களம், திருக்கோஷ்டியூர் அடுப்படிகள். ஆய்வுக் காலம், அக்கினி நட்சத்திரம் தொடங்கி ஐப்பசி அடைமழை முடிய. தரவுகள், ஆய்வாளருக்குக் காபி கொடுத்த வீடுகளில் திரட்டப்பட்டவை.

கோணல் மூவகைத்து. வயிறு தள்ளுவது ஒன்று, முறுக்கிக்கொள்வது ஒன்று, உப்பிப்போவது ஒன்று. மூன்றாவது பெரும்பாலும் சிங்குக்கு அடியில், மரத்தூளை அழுத்திச் செய்த பலகையில் நேர்வது. அதற்கு வைத்தியம் கிடையாது, காரியம்தான் உண்டு. ஆகவே விட்டுவிடுவோம்.

மற்ற இரண்டுக்கும் ஊரில் வழங்கும் சிகிச்சைகளில் முதன்மையானது, காலண்டர் அட்டையை நாலாக மடித்துச் செருகுவது. அடுத்தது, ஓங்கிச் சாத்துவது. இது கதவுக்கு எந்தப் பயனும் தராது, சாத்தியவருக்குத் தரும். ஆசாரியைக் கேட்டால், "மழைக்காலம்லங்க, காஞ்சா தன்னால நேராயிரும்" என்பார். இந்தக் கோட்பாடு பாதி உண்மை. மீதிப் பாதிக்குள்தான் அவர் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்.

உண்மையான பாதி இது. மரம் வெட்டிய பிறகும் ஈரத்தைக் குடித்து வீங்கும், விட்டுச் சுருங்கும். ஆனால் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் அல்ல. பச்சைத் தேக்கு முற்றக் காயும்போது ஆண்டு வளையத்தின் போக்கில் சுமார் 5.8 சதவீதம் சுருங்குகிறது. நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சுமார் 2.5 சதவீதம், நீளவாக்கில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. மூன்று திசைக்கு மூன்று கணக்கு வைத்திருக்கும் பொருள் நேராக நின்றால்தான் வியக்க வேண்டும்.

அப்படி வியக்க வைப்பவை செட்டிநாட்டு வீட்டுக் கதவுகள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் சுவரோரம் நிற்கும் கதவுகள் மேல் மட்டக்கோலை வைத்துப் பாருங்கள். (கடைக்காரர் உங்களை வாங்க வந்தவர் என்று நினைத்துக்கொள்வார், ஆய்வுக்காகப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.) அவற்றின் நேர்மைக்குக் காரணம் பர்மாவில் இருக்கிறது. அங்கே தேக்கை வெட்டுவதற்கு முன்பே அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் வெள்ளை மரத்தையும் செதுக்கி விட்டுவிடுவார்கள். மரம் நின்ற நிலையிலேயே செத்து, இரண்டு மூன்று ஆண்டு காயும். பச்சைத் தேக்கு தண்ணீரில் மூழ்கிவிடும். ஐராவதியில் மிதந்து ரங்கூன் வந்து சேர வேண்டுமானால் அது காய்ந்தே ஆக வேண்டும். ஆற்றுக்காகச் செய்த ஏற்பாட்டின் பலனைச் செட்டிநாட்டுக் கதவு அனுபவித்தது. போதாததற்குத் தச்சர்கள் சட்டத்தில் காடி இழுத்து, நடுப்பலகையைப் பசையில்லாமல் அதில் செருகினார்கள். பலகை வீங்கட்டும், சுருங்கட்டும். அதன் கூத்தெல்லாம் காடிக்குள்ளேயே முடிந்துவிடும். 1942இல் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தபோது நகரத்தார் இழந்தவற்றின் பட்டியல் பெரிது. அதில் நேரான கதவையும் சேர்க்க வேண்டும் என்பது இவ்வாய்வாளரின் பணிவான பரிந்துரை.

இன்றைய அடுப்படிக்கு வாய்த்தது பிளைவுட். ஒற்றைப்படை எண்ணிக்கையில் தகடுகளை ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டுவதால், ஒரு தகட்டின் ஆட்டத்தை அடுத்த தகடு அடக்குகிறது. நல்ல ஏற்பாடுதான். கடைக்காரர் "செவன் டென்னுங்க, தண்ணியில போட்டாலும் ஒண்ணும் ஆகாது" என்பார். ஐ.எஸ். 710 என்னும் அந்தத் தர விதிப்படி மாதிரித் துண்டை 72 மணி நேரம் கொதிக்க வைத்தாலும் பசை விடக்கூடாது. இட்லிக் கொப்பரை இவ்வளவு நேரம் கொதித்ததாக எந்த வீட்டிலும் சான்றில்லை. ஆனாலும் கதவு கோணுகிறதே! அந்தச் சோதனை பசையின் உறுதியைப் பற்றியது. பலகை நேராக இருக்கும் என்று அது எங்கேயும் வாக்குக் கொடுக்கவில்லை.

பிறகு எதுதான் காரணம்? இது கைத்தொழில் ரகசியம். ரகசியங்களைப் பொறுத்தவரை இந்த ஊருக்கு ஒரு வரலாறு உண்டு. திருக்கோஷ்டியூர் நம்பியிடம் மந்திரப் பொருள் பெற ராமானுசர் திருவரங்கத்திலிருந்து 18 முறை நடந்தார் என்கிறது குருபரம்பரை. யாருக்கும் சொல்லக்கூடாது என்ற கட்டளையோடு கிடைத்ததை, கோயிலில் உயர ஏறி நின்று ஊருக்கே சொன்னார். தான் ஒருவன் நரகம் போனாலும் கேட்டவர்கள் கரையேறட்டும் என்றார். ஆசாரி வீட்டுக்கு நாம் நடக்கும் நடையும் ஏறக்குறைய அந்தக் கணக்குத்தான். இந்த ரகசியத்தைச் சொன்னால் நரகம் கிடைக்கும் என்று எந்த நூலும் கூறாததால், ஆய்வாளர் மொட்டைமாடியில் நின்று துணிந்து அறிவிக்கிறார்: முன்பக்கத்துக்குச் செய்வதைப் பின்பக்கத்துக்கும் செய்யுங்கள்!

சம்பந்தி பார்க்கும் முகத்துக்குப் பளபளவென்று சன்மைக்கா ஒட்டுகிறோம். உள்பக்கம் யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஒரு கை பெயின்ட் அடித்தோ அடிக்காமலோ விடுகிறோம். ஈரம் சொட்டச் சொட்ட அடுக்கிய பாத்திரங்களின் ஆவியை அந்த முகம் மட்டும் குடித்து விரிகிறது. சன்மைக்கா ஒட்டிய முகம் விரிய மறுக்கிறது. நடு உள்ளே போக, மூலைகள் வெளியே வருகின்றன. ஆகவே இருபுறமும் ஒரே தடிப்பில் தகடு, அல்லது இருபுறமும் அதே எண்ணிக்கையில் வார்னிஷ். மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் சேர்த்தே சொல்கிறேன். ஈரம் அதிகம் நுழைவது அங்கேதான். யாரும் பூசாததும் அங்கேதான். கதவுக்கு உள்ளவை ஆறு முகங்கள் (பெருமாள் ஊரில் இதைச் சொல்ல வேண்டியிருப்பது ஆய்வின் நிர்ப்பந்தம்). கதவு மூன்றடிக்கு மேல் உயரமானால் இரண்டு கீல் போதாது, மூன்று வேண்டும். கதவு வந்து இறங்கிய நாளில் அதைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு ஆள் தேடப் போகக்கூடாது. சமதரையில் படுக்க வைக்க வேண்டும்.

இம்முடிவுகளைத் தெருவில் ஓர் ஆச்சியிடம் மதிப்பீட்டுக்குச் சமர்ப்பித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்க மாமியா காலத்துல அடுப்படியில மாடமும் உறியுந்தான் தம்பி. கதவே இல்லை, எது கோணும்?" என்றார். கருதுகோள் வலுவானது. அதற்கு எதிராக இதுவரை கிடைத்திருக்கும் ஒரே தரவு, பூனை.