வெல்டிங் வேண்டாம் சாமி!

கேள்வி: என் பழைய புல்லட்டின் ஹெட்லைட் உடைந்துவிட்டது. மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆன்லைனில் ஒரு எல்.இ.டி. லைட் வாங்கினேன். வண்டியில் உட்காரவே மாட்டேன் என்கிறது. பட்டறையில், 'வெல்டிங் வெச்சிடலாம் சார்' என்கிறார்கள். வைக்கலாமா?
- ஒரு வாசகர், தேனி

பதில்: வைக்கலாம், லைட் அசையாமல் நிற்கும். அதுதான் சிக்கலே! மேலும் கீழும் சாய்க்க முடியாத ஹெட்லைட்டில் ரோடு தெரியாது. புளியமரத்தில் தூங்கும் காக்காதான் தெரியும்.

ஃபோர்க் குழாயைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் வாங்கி மாட்டுங்கள். ரப்பர் புஷ்ஷும் நைலாக் நட்டும் அவசியம். நட்டைக் கழற்றுவதில் புல்லட்டின் அதிர்வு எந்த மெக்கானிக்கையும் மிஞ்சும். ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, வயர் இழுபடுகிறதா என்று பாருங்கள்.

அடுத்தது முக்கியம். சாலையின் வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கான லைட்டில், லோ பீம் வலப்புறம் உயர்ந்து அடிக்கும். இடப்பக்கம் ஓட்டும் நம் ஊரில் அது எதிரே வருபவரின் கண்ணுக்குள் போகும். அவரும் உங்கள் பரம்பரையையே விசாரித்துவிட்டுப் போவார். வாங்கியது அப்படிப்பட்ட லைட் என்றால் மாற்றிவிடுங்கள். இல்லையென்றால், சமதரையில் சுவருக்கு எதிரே, ஆள் உட்கார்ந்த நிலையில், வெளிச்சத்தின் மேல்விளிம்பு லைட்டின் உயரத்துக்குச் சற்றுக் கீழே விழும்படி சாய்த்து இறுக்குங்கள்.

இதையெல்லாம் செய்யும் முன் பேட்டரியைப் பாருங்கள். உங்களுடையது 6 வோல்ட் காலத்துக் கிழவர் என்றால், 12 வோல்ட் லைட் ஒழுங்காக எரியாது. வெல்டிங் காசாவது மிச்சம்!