ஊசிகிட்ட பேசத் தெரியணும்லே

வாங்கிட்டியா பேராண்டி? ரொம்பச் சந்தோசம். ஊரே லேசர் பிரிண்டரு வச்சிருக்க காலத்துல, 1981-ல இங்கிலாந்துல பொறந்த பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டரையும் ஒரு எப்சன் எஃப்எக்ஸ்-80 ஊசிப் பிரிண்டரையும் சுமந்துட்டு வந்து நடுவீட்டுல வச்சிருக்கே. காசு குடுத்து வாங்குனதா உங்க அம்மை சொன்னா. வெளிய சொல்லிராதே.

இப்ப அச்சு தெளிவா இல்லைங்கே. அதுக்காக ரெண்டு நாளா ஸ்கிரீன்ல எழுத்தை அழகுபடுத்திக்கிட்டு இருந்தியாமே? நல்லாப் படுத்து. பிரிண்டருக்கு அது தெரியவே தெரியாது.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு முழிக்காதே. 1984-ல மத்திய சர்க்காரு கிளாஸ்னு ஒரு திட்டம் போட்டு, இதே பிபிசி மைக்ரோவைப் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்புச்சு. செருப்பை வாசல்ல கழட்டிப் போட்டுட்டுத்தான் உள்ள போகணும். அந்த ரூமுக்குச் சாவி என் இடுப்புல. வாத்தியாருமாரு தொடப் பயந்தாவ. நான் தூத்துப் பெருக்கப் போன சாக்குல படிச்சுக்கிட்டேன்.

சங்கதி இதுதான். நீ 'ஏ'னு அடிச்சா கம்ப்யூட்டரு படம் வரைஞ்சா அனுப்புது? 65-னு ஒரு நம்பரைத் தள்ளிட்டுக் கையைக் கழுவிரும். அந்த எழுத்துக்கு மூக்கும் முழியும் வைக்கது பிரிண்டருக்குள்ள இருக்க ரோம் சில்லு. அதனால கேக்க வேண்டியதை அங்க கேளு.

கேக்கதுக்கு முன்னால ரிப்பனைப் பாரு. ஸ்டாம்பு பேடு மையை ஊத்துனாப் போதும்னு ஒரு புத்திசாலி சொல்லியிருப்பானே? ஊத்து, ஊத்து. ரிப்பன் மையில எண்ணெய்ப் பசை உண்டு. ஊசி வழுக்கிப் போய்வர அதுதான் உதவி. கண்ட மையும் காஞ்சு இறுகி, ஒம்பது ஊசில ஒண்ணு சிக்கிக்கிட்டா, எல்லா எழுத்துலயும் ஒரே உயரத்துல வெள்ளைக்கோடு விழும். அப்புறம் தலைக்கும் தாளுக்கும் இடைவெளி வைக்க ஒரு சின்ன லிவர் இருக்கும். கார்பன் வச்ச தாளுக்குத் தள்ளிவச்சதை அப்படியே விட்டிருந்தா, ஒத்தைத் தாள்ல மங்கலாத்தான் அடிக்கும்.

இனிமே பேச்சு. கம்ப்யூட்டருல விடியு 2-ன்னு கட்டளை போட்டா பிரிண்டருக்கு வாசல் திறக்கும். விடியு 1 போட்டா அடுத்து வர்ற ஒரு நம்பரு மட்டும் ஸ்கிரீனுக்குத் தெரியாம பிரிண்டருக்குப் போயிரும். இப்படி முதல்ல 27 அனுப்பு. 'ஏ, காது குடு'ன்னு அர்த்தம். பின்னால 69 போனா ஒவ்வொரு புள்ளியையும் லேசா வலப்பக்கம் தள்ளி இன்னொருதரம் குத்தும். 71 போனா வரியை முழுசா அடிச்சு, தாளை 216-ல ஒரு பங்கு அங்குலம் நகத்தி, திரும்ப அடிக்கும். ஊசிக்கும் ஊசிக்கும் நடுவுல 72-ல ஒரு பங்கு. அந்தச் சந்துல மறுகுத்து விழுது. சுவத்துக்கு ரெண்டாம் பூச்சு வெள்ளையடிக்க மாதிரி, முதல் பூச்சுல தெரிஞ்ச திட்டு மறைஞ்சிரும். நேரமும் ரெண்டு மடங்கு. உனக்கு என்ன அவசரம், வேலைக்கா போறே?

எல்லா வரியும் ஒரே வரி மேல விழுந்துச்சுன்னா பூசாரியைக் கூப்பிடாதே. வரியை இறக்குற நம்பரு 10-ஐ பிபிசி தானாவே முழுங்கிரும். நட்சத்திரக் குறி போட்டு எஃப்எக்ஸ்6,0-ன்னு அடி, கக்கிரும்.

படம் அடிக்கணும்னா கொஞ்சம் குண்டக்க மண்டக்க. மோடு 0-ல ஸ்கிரீனுக்கு 640 புள்ளி அகலம், 256 வரி உயரம். 27, 42, 4-ன்னு சொன்னா எஃப்எக்ஸ்-80 அங்குலத்துக்கு 80 புள்ளி குத்தும்; 640-க்குச் சரியா எட்டு அங்குலம். ஆனா 640-ன்னு சொன்னா அதுக்கு வெளங்காது. 128, 2-ன்னு பிரிச்சுச் சொல்லு: ரெண்டு 256-உம், மேல ஒரு 128-உம். உயரத்துலதான் வினை. ஊசிக்கு ஒரு வரின்னு அடிச்சா மூணரை அங்குலத்துல படம் நசுங்கிரும், வட்டம் வட்டமா இருக்காது. ஒவ்வொரு வரியையும் ரெண்டு தரம் அடிச்சா ஏழு அங்குலம், நெட்டையாப் போயிரும்.

பிபிசி கணக்குல ஸ்கிரீன் 1280-க்கு 1024. எட்டு அங்குல அகலத்துக்கு உயரம் 6.4 வரணும். அதுக்கு ஒரே இடத்துல மூணு தரம் ஓட்டு, தரத்துக்குத் தரம் தாளை அந்த 216-ல ஒரு பங்கு நகத்து. இப்ப அங்குலத்துக்கு 216 புள்ளி உன் கையில. ஸ்கிரீனோட அஞ்சு வரிக்கு 5, 6, 5, 6, 5 புள்ளின்னு பங்கு வை. கூட்டிப்பாரு, 27; அதாவது அங்குலத்துல எட்டுல ஒண்ணு. வட்டம் வட்டமாவே வரும். இதுக்கு நிரலு எழுத நாலு ராத்திரி ஆகும்; அதுவரைக்கும் உன் பொண்டாட்டி பேசாம இருந்தா அவ தெய்வம்.

ஒரே ஓட்டத்துல வேகமா எடுக்கதா இருந்தா 27, 51, 24 அனுப்பி வரி இடைவெளியைக் குறைச்சிரு. இல்லேன்னா ஒம்பதுல எட்டு ஊசி அடிச்ச பட்டைக்குப் பட்டை வெள்ளையா வாய் பொளந்து நிக்கும். முடிச்சதும் 27, 64 போட்டு எல்லாத்தையும் பழையபடிக்கு ஆக்கு. மறந்தே, உங்க ஆச்சிக்கு அடிச்சுக் குடுக்க பால் கணக்குல வரியெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு வரும். அவ அதை வாசிச்சுச் சொல்ல என்னைத்தாம்லே கூப்பிடுவா.